சோபா இல்லாத புகை

1.

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. என்னிடம் கேட்டது நான்கே வரி. ஒரு பீர் பாட்டிலின் முதுகில் ஒட்டுவதற்கு.

“கறுப்பா இருக்கும். புகை வாசம் வரும். ஆனா குடிக்க லேசா இருக்கும். இத கொஞ்சம் அழகா எழுதிக் குடுங்க” என்றாள் அந்தப் பீரைக் காய்ச்சியவள். நான் அழகாக எழுதுவேன் என்று யாரோ அவளிடம் கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

முதல் முயற்சி: “அந்திக் கருக்கலில், அடர்வனத்தின் நடுவே மூட்டிய நெருப்பின்…” (நிறுத்திவிட்டேன். ஷாம்பு விளம்பரம் போல இருந்தது. அதுவும் பொடுகு போகாத ஷாம்பு.)

இரண்டாவது: “புகை என்பது நினைவின்…” (வேண்டாம். நீங்களும் மறந்துவிடுங்கள்.)

“குடிச்சுப் பாத்துட்டு எழுதறேனே” என்றேன். என் எழுத்து வாழ்க்கையில் நான் எடுத்த உருப்படியான முடிவு அது ஒன்றுதான். அவள் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தாள். ருசியைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான்கு வரி அங்கேயே கைநழுவிப் போயிற்று.

2.

அவளை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் கொஞ்சம் சிக்கல். ‘மதுபானத் தயாரிப்பாளர்’ என்றால் சினிமா எடுத்து நொடித்துப்போனவர் போலத் தெரிகிறது. ‘காய்ச்சுகிறவள்’ என்றால் தூரத்தில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்கிறது. (முறையாக அனுமதி வாங்கித்தான் நடத்துகிறாள்.) தங்கை என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் அவள் பார்க்கும் முக்கியமான வேலை அதுதான்.

பழைய அச்சகம் ஒன்றின் கட்டடம். தரையில் மைக்கறை இன்னும் போகவில்லை. இரண்டு எஃகுத் தொட்டிகள், பின்னால் ஒரு குளிர் அறை. பாட்டிலுக்கு மூடி போடுவதும் வருகிறவர்களைச் சிரிக்க வைப்பதும் கணவனின் பொறுப்பு. அண்ணன் அதே வட்டாரத்தில் தீயணைப்பு நிலைய அதிகாரி.

(சிரிக்கிறீர்கள். தங்கை புகை போடுகிறவள், அண்ணன் அணைக்கிறவன். இது என் கற்பனையாக இருந்தால், ரொம்பத்தான் பொருந்துகிறதே என்று நானே அடித்துவிட்டு அண்ணனை வங்கியில் உட்கார வைத்திருப்பேன்.)

3.

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். எல்லோரும் சூடான காற்றில் உலர்த்துவார்கள். அவளுக்குப் புகை வேண்டும். அதனால் ஈர மால்ட்டைக் கம்பிவலையில் பரப்பி, அடியில் விறகைக் கனியவிட்டு, கட்டடத்தின் பின்புறம் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். புகை சுவரைத் தாண்டியது. எதிர்மாடிக்காரர் போனை எடுத்துவிட்டார்.

சிவப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து குதித்தது அண்ணன்.

“தண்ணியத் தொறங்கடா!”

“அண்ணா, தீ இல்லண்ணா! மால்ட்டு! மால்ட்டு!”

ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது என்பது அண்ணனின் கட்சி. கேட்டிருக்கும் என்பது தங்கையின் கட்சி. பல நாள் உழைப்பு கஞ்சியாகச் சாக்கடையில் ஓடியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

“உனக்கு எல்லாம் விளையாட்டா? புகைய யாராவது ஆசப்பட்டுக் குடிப்பாங்களா?” என்று தன் ஆட்கள் முன்னாலேயே கத்தினான். அவள் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள்.

“மத்தவங்க தண்ணியப் போட்டுட்டு சண்ட போடுவாங்க. எங்கண்ணன் தண்ணியப் பீச்சி சண்ட போட்டான்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

* இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நல்ல அதிகாரி ஒருவன் எரிவது என்ன என்று பார்க்காமலா குழாயைத் திருப்புவான்? இவனை நம்ப முடியவில்லையே என்று கணவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “மச்சான் அன்னிக்குக் காலைல ஒரு வீட்டுத் தீய அணைச்சுட்டு வந்திருந்தாரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுல ஒண்ணும் மிஞ்சல. வண்டி ஓட்டுறவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்” என்றான். பெண்டாட்டியிடம் அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். “அவர் வாயால வரணும்னு விட்டுட்டேங்க.” ஆகவே அண்ணனை வில்லனாக்கி நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கம் குப்பைக்குப் போயிற்று. நல்ல பக்கம் அது.

4.

அவள் மறுபடி மால்ட் ஊற வைத்தாள். இம்முறை விறகு மூட்டும் முன்பே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது யார் என்று இருவருக்குமே தெரியும்.

“சார், இன்னைக்கு எங்க இடத்துல புகை வரும். தயவுசெஞ்சு வண்டி அனுப்ப வேண்டாம்.”

“சரிங்க மேடம். பக்கத்துல மணல் வாளி வச்சுக்கங்க.”

“வச்சாச்சு சார்.”

“காத்து சுவர் பக்கமா அடிக்குது மேடம். விறகக் கொஞ்சம் தள்ளி வைங்க.”

“நன்றி சார்.”

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பக்கத்தில் நின்ற கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் மால்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

அவள் காய்ச்சியது லாகர் வகை. லாகர் என்பது அவசரமில்லாத பீர். நொதித்து முடிந்தபின் குளிரில் வாரக்கணக்காகத் தூங்க வேண்டும். அந்த வாரங்களில் அண்ணன் தங்கையின் கோபமும்… (இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. முடித்தால் “மெல்லக் குளிர்ந்து தெளிந்தது” என்று வந்து நிற்கும். பொய். பீர்தான் தெளிந்தது. கோபம் கலங்கலாகவே கிடந்தது.)

5.

ஞாயிறு மதியம் முதல் ருசிபார்ப்பு. மனைவியிடம் மூச்சு விடாமல் கணவன் மச்சானைக் கூப்பிட்டிருந்தான். அண்ணன் உள்ளே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானிடம் போய் அதன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

“இது காலாவதி ஆயிருச்சு.”

“குடிக்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா சார்?”

“மாப்ள கூப்டாரு. வந்தேன்.”

மாப்பிள்ளைக்குத் திடீரென்று குளிர் அறையில் அவசர வேலை வந்துவிட்டது.

அவள் ஊற்றினாள். (அவன் நாக்கு எனக்குத் தெரியாது, என் நாக்கை வைத்துத்தான் இதை எழுத முடியும். பார்க்கக் கறுப்பு. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பு. முதலில் மூக்கில் புகை. நாக்கில் கருகிய ரொட்டி ஓரம், இனிக்காத சாக்லேட். நிறத்தைப் பார்த்துப் பாகு மாதிரி இருக்கும் என்று பயந்தால், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. அப்புறம் மூச்சு விடும்போதெல்லாம் லேசாகப் புகை.)

அண்ணன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். குடிக்காமல் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். கண்ணை மூடி, இழுத்து மோந்தான்.

“சோபா இல்ல” என்றான்.

“என்னது?”

“சோபா இல்ல. வயரு இல்ல. பெயிண்ட் இல்ல.”

கிண்டல் என்று நினைத்து அவளுக்குச் சுருக்கென்றது. “பீர்ல யாராவது சோபா போடுவாங்களா?”

“நான் மோந்த புகையில எல்லாம் யார் வீட்டு சாமானாவது இருக்கும். மெத்த, துணிமணி… இது வெறும் விறகு.” கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அன்னிக்கு இங்க வந்தப்போ என் மூக்குல வேற வீடு இருந்துச்சு. காலைல ஒரு வீடு. பிள்ளைங்க ஸ்கூல் பை எல்லாம்… உன் இடத்துலருந்து புகை வருதுன்னு சொன்னதும் நான்…”

(இந்த அறுந்த வாக்கியம் என்னுடையது அல்ல. அவனுடையது.)

அவன் குடித்தான். மடக்கு மடக்காக, நிதானமாக, அடிவரை.

6.

முடிவுக்கு என்னிடம் மூன்று யோசனைகள் இருந்தன. இருவரும் கட்டிப்பிடித்து அழுவது ஒன்று. (இவள் கல்யாணத்தன்றே இருவரும் கைகுலுக்கித்தான் விடைபெற்றார்களாம்.) சைரன் கேட்டு அவன் எழுந்து ஓடுவது இன்னொன்று. (அன்று அவனுக்கு விடுமுறை.) “என்ன மன்னிச்சிரும்மா” என்று அவன் சொல்வது மூன்றாவது. (அவன் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஒழுகுகிற குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகிற ஆள்.)

நடந்தது இது. அவன் கிளாஸை வைத்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

“நல்லாருக்காண்ணா?”

குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் பல் தந்தியடிக்க நின்றிருந்த கணவனுக்கும் அது கேட்டது. அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அவள் அதை எனக்குச் சொன்னாள். நானும் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். காகிதத்தில் விழுந்ததும் அது செத்துப்போகிறது. அவள் காதுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வாக்கியம். உங்களுக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கலாம். நீங்கள் உயிரைக் கொடுத்துச் செய்ததை அவர்களிடம் நீட்டியிருக்கலாம். பிடித்திருக்கிறது என்று நேராகச் சொல்லத் தெரியாத அந்த வாயிலிருந்து என்ன வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

“……………………………………………”

அதற்கு அவள் சொன்ன பதில் மட்டும் என் பொறுப்பு. அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது.

“போடா!”