பெயர் போடாத குழாய்க்காரர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல; மதில் சுவரில் சாய்ந்துகொண்டு கறந்தது. பக்கத்து வீட்டு நூலகர் துணி காயப்போட வந்தவள், புரையேறும் அளவுக்குத் தனக்குத் தானே சிரித்தாள். நான் "என்ன?" என்று மட்டும்தான் கேட்டேன். (சரி, விடாமல் கேட்டேன்.)

நான் முதலில் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "இணையம் ஒரு பெருங்கடல், அதில் முத்தெடுக்கும்..." வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

2

வாசகர்களுக்கு நம்பிச் சொல்லக்கூடிய இணையதளங்களைப் பொறுக்கி நூலகத்தில் சேர்ப்பது அவள் வேலை. யார் எழுதியது, எதை வைத்துச் சொல்கிறார், கடைசியாக எப்போது திருத்தினார், எதையாவது நம் தலையில் கட்டப் பார்க்கிறாரா என்று துருவுவாள். பெயரில்லாத தளம் வெளியே. சொந்தக்காரர் தளமும் வெளியே. கூடப்பிறந்த தம்பியின் தளத்தையே தள்ளியவள். அவன் இன்னும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு தளத்தில் சொக்கிப்போனாள். ஒழுகும் குழாயை நாமே சரிசெய்வது பற்றியது. விளம்பரம் கிடையாது. தப்பாகச் சொன்னதைத் திருத்தி, அதை ஒப்புக்கொண்டும் இருந்தது. ஒரே குறை, எழுதியவர் பெயர் இல்லை. பெயரைப் போட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்று தேர்வுக் குழுவின் பொது முகவரியிலிருந்து எழுதினாள். பதில் வந்தது: "மன்னிக்கவும். பெயர் போட்டால் என் மனைவிக்குத் தெரிந்துவிடும். பிறகு எங்கள் வீட்டுக் குழாயையும் நான்தான் பார்க்க வேண்டும்."

எந்தச் சோம்பேறியோ என்று சிரித்தபடி படங்களை மறுபடி பார்த்தாள். பளபளக்கும் குழாயில், பனியனுக்குள் அடங்காத ஒரு தொப்பை தெரிந்தது.

[இங்கே "அவள் தலை சுற்றியது" என்று எழுதி அடித்துவிட்டேன். சுற்றவில்லை. கட்டிக்கொண்டவளுக்கு அடையாளம் தெரியாதா?]

3

அவள் கணவர் அப்பாவி என்று எழுதிப் பார்த்தேன். கை கூசியது. அவர்கள் வீட்டுக் குழாய் சொட்டுவது என் படுக்கையறைவரை கேட்கும். அவரோ ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது என்று சத்தியம் செய்கிறவர்.

சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்க பேரைப் போடுங்க."

கவளம் பாதியில் நின்றது. குழு என்பது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"போட்டா சொந்தக்காரன்னு தள்ளுவே. போடலன்னா பேரில்லன்னு தள்ளுவே. அப்புறம் எதுக்கு நான் மாட்டிக்கணும்?"

"நான் பார்த்ததுலயே நல்ல தளம்ங்க அது. அதான் வயித்தெரிச்சல்."

"நிஜமாவா?"

அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டதாம். அரைச் சாப்பாட்டில் எழுந்து, ஒளித்துவைத்திருந்த ஸ்பேனரோடு சமையலறைக்குள் போனார்.

4

முடிவு ஒன்று: சேர்க்கிறாள், தம்பி சண்டைக்குக் கிளம்பி வருகிறான். முடிவு இரண்டு: தள்ளுகிறாள், குழாய் ஒழுகி ஊரே தரையைத் துடைக்கிறது. முடிவு மூன்று: தான் ஒதுங்கிக்கொண்டு, மற்றவர்கள் தீர்மானிக்கட்டும் என்கிறாள். நியாயமானது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

நாளை குழு கூடுகிறது. நீங்களே சொல்லுங்கள். ஆனால் வாயைத் திறக்குமுன் அவள் கேட்பாள்: நீங்கள் யார், எதை வைத்துச் சொல்கிறீர்கள், அவருக்கு நீங்கள் என்ன முறை?