சீசன் முடியட்டும்

மீரெஸ் ஊர்க் கடைத்தெருவைத் தாண்டியதும் முன்னால் போய்க்கொண்டிருந்த சவ வண்டி ஓரங்கட்டி நின்றது. மீரோனும் தன் வேனை அதன் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். வேனின் முன்னிருக்கையில் மகள் ரோதாந்தி, ஆஸ்பத்திரியில் கொடுத்த அம்மாவின் செருப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வண்டிக்காரன் சீஃபிஸ் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மீரோன் மாமா, பாதிரியார் பேசினாரு. பக்கத்து ஊர்ல இன்னொரு சாவாம். முடிச்சிட்டு வர அஞ்சு மணி ஆயிடுமாம். இப்பதான் மூணரை. நேரா வீட்டுக்கு விட்டுரட்டா?"

"வீட்டுக்கே விடுங்கண்ணே. பொம்பளைங்க எல்லாம் காத்துட்டிருப்பாங்க" என்றாள் ரோதாந்தி, கண்ணாடியை இறக்கி.

மீரோன் சாலையைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு பாதை பிரிந்து மலையேறும். மேலே ஃபைஸ்டோஸ், மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்து அரண்மனை. காமிலாரியில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து பத்தே நிமிஷம்தான்.

"மேல போவோம்" என்றார்.

"எங்க மேல?"

"அரண்மனைக்கு. உங்கம்மா பாத்ததில்ல."

"அப்பா, உனக்கென்ன பைத்தியமா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்."

மீரோனுக்கு வேலையே அரண்மனை காட்டுவதுதான். இருபத்திரண்டு வருஷமாக வில்லாவுக்கு விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டுவார். செவ்வாய்க்கிழமை அரண்மனை, வியாழக்கிழமை மலை மடாலயம், வெள்ளிக்கிழமை சித்திரக் கோவில். அதே வில்லாவில் அவர் மனைவி அர்கீரோ படுக்கை விரித்து, தரை துடைத்து, அவர்கள் வழியில் சாப்பிடப் பாலாடைக்கட்டிப் பணியாரம் சுட்டுக் கூடையில் அடுக்குவாள். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும், "இன்னிக்கு என்ன சொன்ன அவங்களுக்கு?" என்று கேட்பாள். நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வந்திருப்பார். "கல்லுதான். வேறென்ன" என்பார்.

"எனக்கும் காட்டேன் அந்தக் கல்லை."

"சீசன் முடியட்டும்."

கிரீட் தீவில் பிறந்தவனுக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை சொந்த வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. பல்வலி, கூரை ஒழுகல், மச்சினன் வீட்டுத் தகராறு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், சீசன் முடியட்டும். சரி, முடிந்ததா, ஒலிவ மரத்தில் காய் பழுத்து நிற்கும். அது முடிந்தால் மழை. அப்புறம் மறுபடியும் ஏப்ரல் வந்துவிடும், யாரைக் குற்றம் சொல்வது?

போன வருஷம் ஜூனில் ஒரு நாள் வேனில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. அர்கீரோ நீலக் கவுனை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டி கிளம்பும்போது, வரவில்லை என்று சொல்லியிருந்த ஒரு டச்சுக்காரி ஓடி வந்தாள். அர்கீரோ சிரித்துக்கொண்டே இறங்கினாள். "எனக்குத் துணி துவைக்கிற வேலை கிடக்கு, போ" என்றாள். மீரோன் போய்விட்டார். அந்த டச்சுக்காரியைப் பின்னால் நெருக்கி உட்கார வைத்திருக்கலாம் என்று அன்றைக்கு அந்த மண்டையில் உறைக்கவே இல்லை. நேற்று முன்தினம் அர்கீரோ கையில் விரிப்போடு வில்லாப் படுக்கையறையில் விழுந்துகிடந்தபோதுதான் உறைத்தது. ஹெராக்லியோன் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி கண்ணே திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சவ வண்டி மலையேறி வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓரமாக நின்றது. இரண்டு பெரிய பேருந்துகள் நின்றிருந்தன. தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். காமிராவைத் தூக்கிய ஒருத்தியின் கையை அவள் புருஷன் தட்டி இறக்கினான்.

வாசல் காவலர் மனூசோஸ் ஓடி வந்தார். ஞானஸ்நானத்தில் ரோதாந்திக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அவர். அந்த உறவில் அவரும் மீரோனும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கும்பாரே, நேரா கோவிலுக்குத்தான் வரலாம்னு... என்ன இது, இங்க?"

"காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

மனூசோஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "பெட்டியை உள்ள விட முடியாதுப்பா. என் வேலை போயிரும்."

"உள்ள யாரு கேட்டா? இங்கயே இருக்கட்டும்."

சீஃபிஸ் பின்கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றான். மீரோன் வழக்கமாக நிற்பதுபோலவே நின்றார், கீழே விரிந்த சமவெளிக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. வாயைத் திறந்தார். வந்தது ஜெர்மன்.

சட்டென்று நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் ஜெர்மனித் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டினவர் அவர். அரண்மனையைப் படித்ததும் அந்த ஊர்ப் புத்தகத்தில்தான். சொன்னதும் அந்த மொழியில், அப்புறம் ஆங்கிலத்தில். சொந்த மொழியில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கேட்டது ஒருத்திதான், அவளுக்கும் சொல்லவில்லை.

தொண்டையைச் செருமினார். "அர்கீரோ, அந்தப் பக்கம் படி இருக்கு. அகலமான படி. முற்றம் ஒண்ணு இருக்கு, பெருசு. அப்புறம் ஜாடிங்க. எண்ணெய் ஊத்தி வைக்கிறது. ஆள் உசரம் இருக்கும்."

அவ்வளவுதான் வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லும்போது ராஜா நடப்பார், பூமி அதிரும், கூரை தீப்பிடித்து எரியும். இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஆகிவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"போதும்பா" என்றாள் ரோதாந்தி. அவள் குரலில் கோபம் போயிருந்தது.

"முடியலம்மா. ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னேன். அவளுக்குச் சொல்ல என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல பாரு."

மனூசோஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "கும்பாரே, ஒண்ணு சொல்லணும். சொல்ல மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். போயிட்டா, இனி என்ன" என்றார்.

"என்ன?"

"அவ இங்க வந்திருக்கா. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை. சந்தைக்குப் போறேன்னு கிளம்பி, யாரு வண்டியிலயாவது தொத்திக்கிட்டு வந்துருவா. உள்ள பைன் மரம் இருக்குல்ல, அதுக்குக் கீழ நிப்பா, உன் கூட்டத்துக்குப் பின்னால. கறுப்புக் கண்ணாடி, தலையில துணி. நீ பேசி முடிக்கிறதுக்குள்ள போயிருவா."

மீரோன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

"நானும் கேட்டேன். 'ஒரு எழவும் புரியல, ஆனா அவங்க சிரிக்கிறதப் பாரு கும்பாரே, என் புருஷன் இவ்வளவு பேசுவானா'ன்னா. அப்படி ஒரு பெருமை அவளுக்கு."

"பாத்தாச்சுல்ல. அப்புறம் எதுக்கு எப்ப கூட்டிட்டுப் போவன்னு என்னை அரிச்சுக்கிட்டே இருந்தா?"

"அட மடையா" என்றார் மனூசோஸ். "நீ கூப்பிடணும்னுதான்."

ரோதாந்தி வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். மீரோன் அழவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை கூட்டத்தைத் தாண்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்போமே என்று நினைத்தார். அந்தத் தோளை, அந்த நிற்கும் விதத்தை, எந்தக் கறுப்புக் கண்ணாடி மறைத்துவிடும்? கூட்டத்தின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இருபத்திரண்டு வருஷமும்.

"மாமா, மணி நாலரை ஆச்சு" என்றான் சீஃபிஸ், மெதுவாக.

"ஒரு பத்து நிமிஷம்."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்கு எதிரே போய் நின்றார். இந்தத் தடவை ஜெர்மனிலேயே ஆரம்பித்தார், முதல் வணக்கத்திலிருந்து. குரல் எழும்பியது. கை தானாக வடக்கே மலையைக் காட்டியது, படிகளைக் காட்டியது, ஜாடியின் உயரத்தைக் காட்டியது. பேச்சிலேயே ராஜாவின் குளியலறைக்கு வந்து, அங்கே எப்போதும் சொல்கிற வேடிக்கையைச் சொன்னார். சொல்லிவிட்டு, ஆட்கள் சிரிப்பதற்காக எவ்வளவு நேரம் விடுவாரோ அவ்வளவு நேரம் விட்டார்.

பிறகு ராணியின் அறைக்குப் போனார்.