ஆள் ஏறினால் படுத்துவிடும் வண்டி

கடலூர் முதுநகரில் அல்மாஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் மாமியார் சுல்தானா. சாட்சி, கொழுந்தன் உபைதுல்லா. ஞாயிறுதோறும் சிதம்பரத்திலிருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அல்மாஸ்தான் ஓட்டிப்போவாள். வழியில் ரயில்வே மேம்பாலத்தில் ஏறியதும் அந்த டீசல் வண்டி படுத்துவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டாது, பின்னால் கரும்புகை வேறு. போன வாரம் ஒரு டவுன் பஸ்கூட முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள் இவர்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். சுல்தானாவுக்குப் பொறுக்காமல் போனது அந்தப் பார்வைதான்.

மறுநாள் உபைதுல்லா தனியாக அதே பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வண்டி பறக்கிறது, கியர் மாற்றத் தெரியாத கைதான் கோளாறு என்று கூடத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்னான். இந்த ஞாயிறோடு சாவி அவனுக்கு என்று முடிவானது. சவூதியில் இருக்கும் அல்மாஸின் கணவன் ஹாமித், போனில் அம்மாவுக்கும் சரி என்றான், மனைவிக்கும் சரி என்றான். நல்ல பிள்ளை!

அல்மாஸுக்கு வயிறு எரிந்தது. லைசென்ஸ் எடுத்த இந்த ஒன்றரை வருஷமாகத்தான் அவள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நினைத்த நேரத்தில் போய் வருகிறாள். சாவி போனால் உபைதுல்லா எப்போது தூங்கி எழுவான் என்று காத்துக் கிடக்க வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது.

சனிக்கிழமை வண்டியை மெக்கானிக் ஞானசேகரனிடம் விட்டாள். அவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவில் எப்போதோ காற்று குறைந்ததாகக் காட்டியது. தனியாக ஒரு சுற்று ஓட்டினார். வண்டி ஜோராகப் போனது. வேறு ஆளாக இருந்தால் டர்போவையே மாற்றச் சொல்லியிருப்பான், தனக்கு மனசு வரவில்லை என்றவர், கியர் விஷயத்தையும் தயங்கித் தயங்கி எடுத்தார்.

இவருமா என்று அல்மாஸுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு யோசனையும் வந்தது. உபைதுல்லாவும் தனியாக ஓட்டினான், இவரும் தனியாக ஓட்டினார். ஏன், அவளே மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனால் வண்டி பறக்கத்தான் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமியார், மாமியாரின் தங்கை, இரண்டு பிள்ளைகள், பின் சீட்டில் குறட்டை விடும் உபைதுல்லா, போதாததற்கு ஒரு அரிசி மூட்டை.

"ஆள் ஏத்தாம பாத்தா எப்டிண்ணே தெரியும்? நாளைக்கு நீங்களே ஓட்டுங்க. எங்க வீடு மொத்தமும் ஏறுவோம்."

ஞாயிறு அவருக்கு லீவு. நாத்தனார் வீட்டில் பிரியாணி என்று கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்.

பாலம் வந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. ஞானசேகரன் கியரைக் குறைத்தார், மிதித்தார், வியர்த்தார். ஒரு லோடு ஆட்டோ முந்திப் போனது. சுல்தானா நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, உங்களுக்கும் ஓட்டத் தெரியாதா?"

அல்மாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் இறங்கியதும் ஞானசேகரன் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தார். இன்ஜின் ஆறியபின், டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாயின் அடிப்பக்கம் தடவினார். கை எண்ணெயோடு வந்தது. அங்கே விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

வண்டி காலியாக இருந்தால் டர்போ லேசாகத்தான் ஊதும், கிழிசல் வாயை மூடிக்கொண்டிருக்கும், பாரத்தோடு ஏறும்போது பலமாக ஊதினால் வாயைத் திறந்து காற்றையெல்லாம் விட்டுவிடும் என்று எல்லோருக்கும் காட்டினார். டர்போவுக்கு ஒன்றுமில்லை, அல்மாஸின் கைக்கும் ஒன்றுமில்லை. உபைதுல்லா மட்டும் செல்போனில் ஏதோ முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானசேகரன் சிதம்பரத்தில் தனக்குத் தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்துப் புதுக் குழாய் வாங்கி, பிரியாணிக்கு முன்பே மாட்டிவிட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது உபைதுல்லா சாவிக்குக் கை நீட்டினான். சுல்தானா சாவியை அவனைத் தாண்டிக் கொண்டுபோய் அல்மாஸின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"நீ போய் பின்னால தூங்குடா. அவ ஓட்டட்டும்."

அல்மாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஓட்டும்போது கலங்கக் கூடாதே, துடைத்துக்கொண்டாள்.

அதே பாலம், அதே ஆட்கள், வயிற்றில் பிரியாணி வேறு. வண்டி தயங்கவே இல்லை. முன்னால் ஒரு டவுன் பஸ் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. அல்மாஸ் ஹார்ன் அடித்து முந்தினாள்.

சுல்தானா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, பஸ்ஸில் இருந்தவர்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.