அடியில் நின்ற தண்ணீர்

அடுப்பு மறுபடியும் படபடவென்று பொரிந்து அணைந்தது. மம்மனின் உடலைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். உள்ளறையில் குளிப்பாட்ட வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

மம்மனின் அண்ணன் லவான் சமையற்கட்டு வாசலுக்கு வந்து, உள்ளே பார்க்காமல் நின்றார். துடுன் வாடாவில் இரண்டு தெருக்களுக்கு அவர்தான் தலைவர். துக்க நாளிலும் தலைப்பாகை ஒரு மடிப்புக் குலையவில்லை.

"திரியை மாத்தச் சொல்லுங்க."

"திரி புதுசுதான், யாயா," என்றாள் மம்மனின் மனைவி பின்டா. அண்ணனை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பினாள். "இந்த வெள்ளை கேன்ல இருந்தா ஊத்தினே? ஐயோ, இதை யாரும் தொடக் கூடாதுன்னுதானே மூலையில வச்சிருந்தார்."

லவான் கேனை வாங்கி வெளிச்சத்தில் வைத்தார். ஆடிக் கலங்கியிருந்தது மெல்லத் தெளிந்தது. மேலே நிறமில்லாத எண்ணெய். அடியில், பாதிக்கு மேல், துரு கலந்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

பின்டா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். லவான் வாசலை விட்டு நகரவில்லை.

"எண்ணெய் டிப்போவுல இருந்து, யாயா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொண்டு வந்தார்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான், ஊரே பேசிக்கொண்டிருக்கும் அந்த விமானம் மேலே ஏறி, எஞ்சின் திக்கித் திணறி, திரும்பி வந்து இறங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதன் வயிற்றில் எண்ணெயோடு தண்ணீர் இருந்தது. விமான நிலையத்தின் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் மம்மன். விமானத்துக்கு எண்ணெய் கொடுக்கும் முன் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டியது அவன் பொறுப்பு. வடிக்கவில்லை என்றது விமானக் கம்பெனி. விமானத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்றது எண்ணெய்க் கம்பெனி. ரேடியோவில் இரண்டும் மாறி மாறிக் கேட்டது. மம்மன் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "வடிச்சேன்."

"வடிச்சதுக்கு என்னடா அத்தாட்சி?" என்று நேற்று லவானும் கேட்டார். தம்பி தரையைப் பார்த்தான். இன்று விடியற்காலைத் தொழுகைக்குக் கால் கழுவப் போனவன் அங்கேயே சாய்ந்தான்.

அத்தாட்சி சமையற்கட்டு மூலையில் இருந்திருக்கிறது.

வடிக்கும்போது தண்ணீரோடு கொஞ்சம் எண்ணெயும் வரும்; அதைக் கழிவு டிரம்மில் கொட்ட வேண்டும். வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். ஆனால் விமானத்துக்கு ஊற்றுவதும் அடுப்புக்கு ஊற்றுவதும் ஏறக்குறைய ஒரே எண்ணெய். டிப்போவில் வேலை பார்க்கும் எவரும் மண்ணெண்ணெய்க் கடையில் வரிசையில் நின்று லவான் பார்த்ததில்லை. ஏனென்று அவர் ஒரு நாளும் யோசித்ததுமில்லை. இந்த வீட்டுக்குள் பிறர் பொருள் நுழைந்ததே இல்லை என்று எத்தனை பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார்.

"இதைக் காட்டினா திருடன்னு சொல்லுவாங்க," என்றாள் பின்டா. "காட்டலைன்னா வேலை செய்யாம ஆளுங்களைச் சாகடிக்கப் பாத்தவன்னு சொல்லுவாங்க. எங்க பிள்ளைங்க எதை யாயா சுமக்கணும்?"

"கரி அடுப்பு மூட்டுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

வாசலில் விரித்த பாய்களில் ஊரே உட்கார்ந்திருந்தது. எண்ணெய்க் கம்பெனி மேனேஜர் அல்ஹாஜி தவுடாவும் விமானக் கம்பெனி எஞ்சினியர் ஓபின்னாவும் துக்கம் கேட்க வந்த இடத்திலும் தணிந்த குரலில் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ஆளுங்களுக்கு மூடியை இறுக்கத் தெரியல. மழை பெய்ஞ்சா எங்க மேல பழி."

"உங்க லாரிங்க வழியில ஆத்துல இறங்கிக் குளிச்சிட்டு வருது போல, அல்ஹாஜி."

தவுடா எழுந்து வந்து லவானின் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைவரே, போனவர் மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. உடம்பு சரியில்ல, அன்னைக்கு ஒரு நாள் மறந்துட்டார்னு வீட்டுல இருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும். பின்டாவைக் கம்பெனி பாத்துக்கும்."

லவான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எஞ்சினியர் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு சந்தேகம். ஒழுங்கா வடிச்ச தொட்டியில தண்ணி எப்படி மிஞ்சும்?"

ஓபின்னா வியப்போடு பார்த்தார். "லாரி எறக்கின எண்ணெய்க்கு ஓய்வு கொடுக்கணும், ஐயா. ஒரு நாளாவது சும்மா நிக்கணும். அப்பதான் தண்ணி அடியில இறங்கும். உடனே எடுத்தா நடுவுலயே மிதந்துக்கிட்டு இருக்கும். அடியில எவ்வளவு வடிச்சாலும் போதாது."

"அப்படியா." லவான் யோசித்தார். "அன்னைக்கு லாரி எப்ப வந்துச்சு, அல்ஹாஜி?"

"காலையில." தவுடா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "விமானம் காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் என்ன செய்ய?"

லவான் திரும்பி வீட்டுக்குள் போனார்.

உடலைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றி வாசலில் கிடத்தினார்கள். தொழுகைக்கு வரிசைகள் நின்றன. ஓபின்னா தன் தேவாலயச் சபைக்காரர்களோடு வேலியோரம் ஒதுங்கி நின்றார். தொழுகை தொடங்கும் முன், இறந்தவனுக்காக மன்னிப்புக் கேட்பது வீட்டுப் பெரியவரின் கடமை. இமாம் லவானைப் பார்த்துத் தலையசைத்தார்.

லவான் உள்ளே போய் கேனைத் தானே தூக்கிவந்து எல்லோர் முன்னாலும் வைத்தார்.

"என் தம்பி மம்மன் யாரையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க. இன்னொண்ணு. செவ்வாய்க்கிழமை டிப்போத் தொட்டியில இருந்து அவன் வடிச்சது இது. கொட்ட வேண்டியதை வீட்டு அடுப்புக்காக எடுத்துட்டு வந்துட்டான். அது அவனுக்குச் சொந்தமில்ல. சொந்தக்காரர் இங்கதான் நிக்கிறார். மன்னிச்சேன்னு அவர் சொல்லணும்."

வரிசைகள் தவுடாவின் பக்கம் திரும்பின. பிணத்தின் முன்னால் மன்னிப்பை மறுத்தவனை அந்த ஊர் கண்டதில்லை. மன்னித்தால், அன்றைக்குத் தொட்டி வடிக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டதாகும். தவுடா கேனைப் பார்த்தார், இமாமைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

"மன்னிச்சேன்," என்றார்.

"பின்வரிசைக்குக் கேக்கல," என்றார் இமாம்.

"மன்னிச்சேன்."

வேலியோரத்திலிருந்து ஓபின்னா கழுத்தை நீட்டி, கேனின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்து பாடையைத் தூக்கினார்கள். யாரோ ஒருவரின் கால் பட்டு கேன் குலுங்கி, உள்ளே எல்லாம் கலங்கியது.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது கேன் அதே இடத்தில் நின்றது. பிள்ளைகள் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கோடு மறுபடி தெளிவாக விழுந்திருந்தது. லவான் செருப்பைக் கழற்றிவிட்டு, கேன் ஆடாதபடி சற்று விலகிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.