பனிக்குழி வெட்டிய நாளின் பக்கம்

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். இருபத்தாறு நாள் கூலி, நாளுக்கு எழுநூற்றுப் பத்து. காண்ட்ராக்டர் ஹர்தயாள் எனக்குத் தரவேண்டியது. சாலை திறக்கட்டும், தருகிறேன் என்று ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஆறு பேர், நேபாளத்து ரோல்பாவிலிருந்து இமாசல மலையில் இருக்கும் லாஹௌலுக்கு வந்து சாலையில் பனி அள்ளுகிறவர்கள். காலையில் முதல் வேலை என்னுடையது. சரிவின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, பனி எப்படி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு மேலே ஒரு முழம் புதுப்பனி, கீழே பலகை போல இறுகிய பனி, அடியில் சர்க்கரை போலக் கையில் ஒட்டாமல் உதிரும் பனி. சர்க்கரைமேல் பலகை எத்தனை நாள் நிற்கும்? ஒரு துண்டை அறுத்து நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து மெல்லத் தட்டினேன். மூன்றாம் தட்டுக்கே மேல்பாகம் மேஜை டிராயர் மாதிரி முன்னால் வந்துவிட்டது.

இன்றைக்கு யாரும் போகக்கூடாது என்று ஹர்தயாளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து, சாலை மூடிக்கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்கு அபராதம். ஒன்றும் ஆகாது என்றார். சரிவு பத்திரம் என்று சொல்கிறவன்தான் முதலில் கடக்க வேண்டும், அது எங்கள் கும்பலின் கட்டுப்பாடு. புதைந்தால் ஆளைத் தேட இடுப்பில் கட்டும் சிவப்புக் கயிற்றை அவரிடம் நீட்டினேன். சிரித்தார். இரும்பு முதலில் போகட்டும் என்று பனி தள்ளும் மெஷின் ஓட்டும் ஆங்ரூப்பைக் கூப்பிட்டார்.

ஆங்ரூப் அந்த ஊர்க்காரன். போகாதே என்று கையைப் பிடித்தேன்.

"கதவத் திறந்தே வச்சுக்கறேன், அண்ணே. வந்தா குதிச்சிருவேன். நீ கம்ப எடுத்துக்கிட்டு வந்து என்னைக் குத்தித் தொலைக்காத, போதும்."

பனியைக் கம்பால் குத்தித் தேடித்தான் அவனைக் கண்டுபிடித்தோம், சரிவு இறங்கி மூன்று மணி நேரம் கழித்து. கதவு திறந்தேதான் இருந்தது.

யாரும் சொல்லாமல் தானாகப் போனான் என்று ஹர்தயாள் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தானாகப் போனவன் வீட்டுக்கு இழப்பீடு கிடையாது.

ஆனால் வருகைப் பதிவேடு என்னிடம் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றவன் நான். டிக் போடத்தானே என்று அவரே தள்ளிவிட்ட வேலை அது. நான் தினமும் குழியில் கண்டதையும் எழுதிவந்தேன். அன்றைய பக்கத்தில் பலகை, சர்க்கரை, மூன்றாம் தட்டு, நான் வேண்டாம் என்றது, ஒன்பதரைக்கு அவர் ஆங்ரூப்பைப் போகச் சொன்னது, எல்லாம் இருந்தன. மெஷின் சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோதே எழுதியது.

மூன்றாம் நாள் எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்தார். ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டை என்முன் வைத்தார்.

"எண்ணிக்க. ஒரு ரூபா கொறையாது. அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடு."

"அதுல என்ன இருக்கு, முதலாளி?"

"கிறுக்கல். உன் எழுத்த எவன் படிக்கப்போறான்?"

"ஆங்ரூப் சம்சாரம் படிக்கும். அது பள்ளிக்கூடத்துல டீச்சரு. என்னைவிடக் கிறுக்கற பிள்ளைங்களப் பாத்திருக்கும்."

அவர் முகம் இறுகியது. நான் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது என்றார். கூலி பாக்கிக்காகப் பழி தீர்க்கிறான் என்று சொன்னால் எந்த அதிகாரியும் நம்புவான் என்றார். அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. ஒரு மனிதனைப் பனியில் புதைத்துவிட்டு, எனக்குத் தராத கூலியையே தனக்குச் சாட்சியாக்குகிறான்.

நோட்டுக்கட்டை அவர் பக்கம் தள்ளினேன். மற்ற ஐந்து பேரையும் உள்ளே கூப்பிட்டேன். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருந்த பதினெட்டாயிரத்து நானூற்று அறுபதின்மேல் கோடு இழுத்தேன். பக்கத்தில், பாக்கியை நானே விட்டுவிட்டேன், பணமும் வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து பேரும் கீழே கைநாட்டு வைத்தார்கள்.

"இப்ப சொல்லு, எந்தப் பாக்கிக்குப் பழி தீக்கறேன்னு."

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆங்ரூப் வீட்டுக்கு நடந்தேன்.