லிங்கராஜ் அண்ணாச்சியின் குடலிறக்கம்

என்னிடம் பதினோரு வாலண்டியர்கள் இருக்கிறார்கள். பதினோரு பேரும் வீட்டில் யாருக்காவது ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றோடு நன்றாக நடமாடுகிறவர்கள். என் உயிரை வாங்க அவர்களுக்கு அந்த ஒன்றே தாராளமாகப் போதும். கிருபைக்கு முறை வைத்தால் அன்றைக்குத்தான் சபையில் கூட்டம் இருக்கும். பெர்சி போனை எடுத்தால் வைக்கவே மாட்டாள். எதிர்முனையில் இருப்பவர் கேட்டது தையல் வலியைப் பற்றி, இவள் பேசி முடித்தது மகளின் பிரசவத்தைப் பற்றி.

வேலை ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. சொந்தக்காரருக்குக் கிட்னி கொடுக்கப் போகிறவர்களுக்கு மனசு பதறும். அப்போது மருத்துவமனையில் எங்கள் நம்பரைக் கொடுப்பார்கள். ஏற்கெனவே கொடுத்த ஒருவர் அவர்களோடு பேசுவார். எப்போது வேலைக்குப் போகலாம், மாடி ஏறலாமா, இருமினால் தையல் பிரியுமா என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியெல்லாம் எங்களிடம் வரும். யாருக்கு யார் பேசுவது என்று முடிவு செய்கிறவள் நான், முத்துக்கனி. என் மகளுக்குக் கொடுத்தவள். மில்லர்புரத்தில் மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு போன், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். ‘கொடு’ என்றும் சொல்லக் கூடாது, ‘கொடுக்காதே’ என்றும் சொல்லக் கூடாது. ‘எனக்கு இப்படி இருந்தது’ என்று மட்டும் சொல்லலாம்.

பதினோரு பேரில் பத்துப் பேர் பெண்கள். பெண்டாட்டி, அம்மா, அக்கா, தங்கச்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஆட்கள் பெண்களை முன்னால் போகவிட்டு மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். ஒரே ஆண் லிங்கராஜ் அண்ணாச்சி. பக்கத்துச் சின்ன ஊரான புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர்தான், ஆனால் கடைக்காரர் இல்லையா, ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி பானுப்ரியாவுக்குக் கொடுத்தார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். சேர்ந்த புதிதில் ஒருவரிடம், “தைரியமா குடுங்க, நான் கேரண்டி” என்று சொல்லிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் கீழே மருந்து வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, இது அரிசி யாவாரம் இல்ல. கேரண்டி குடுக்க நீங்க யாரு?” என்றேன். அதற்கப்புறம் திருந்திவிட்டார்.

அவரும் எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார், ஆனால் பெயர் சொல்ல மாட்டார், யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டார். காரணம் அவருடைய அம்மா வடிவம்மாள். பானுவுக்கு வைத்தது இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானின் கிட்னி என்றும், தனக்கு நடந்தது குடலிறக்க ஆபரேஷன் என்றும் அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். கடைத்தெருவுக்கும் அதே கதைதான்.

“ஒரே வாரத்துல பெண்டாட்டிக்குக் கிட்னி, புருஷனுக்குக் குடலிறக்கமா? எப்படி அண்ணாச்சி நம்புனாவ?”

“மதுரைக்குப் போனது போனோம், ஒரே போக்குல இதையும் முடிச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னேன். நம்பிட்டாவ. ஒரே ஒரு வேலைக்குன்னு நான் எங்கயும் போவ மாட்டேன்லாக்கா, அது அவியளுக்குத் தெரியும்.”

நான் சிரித்த சிரிப்பில் மின்விசிறியின் சத்தமே கேட்கவில்லை.

போன மாதம் செந்தில்வேல் வந்தான். முப்பத்துநாலு வயது. ஹார்பரில் கன்டெய்னர் யார்டில் வேலை, வீடு இங்கே மில்லர்புரத்திலேயே. மனைவி ரம்யாவுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது. இவனுடையது பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவனும் கொடுக்கத் தயார். குறுக்கே நின்றது அவன் அம்மா கனகமணி. மகன் வயிற்றில் கத்தி வைக்கக் கூடாது என்று வீட்டில் கையை நனைப்பதையே நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாளாம்.

“மேடம், எங்கம்மா சரின்னு சொல்லாம நான் மேஜையில படுக்க மாட்டேன். என்னால முடியாது.”

“ரம்யா என்ன சொல்லுதா?”

“அம்மாவும் மகனும் அடிச்சுக்கிடாதீங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் எங்க வீட்டுக்குப் போறேன்னு பெட்டியை எடுத்து வச்சிட்டா.”

அண்ணாச்சியை அவனோடு போனில் பேச வைத்தேன். இரண்டு மூன்று தடவை பேசினார்கள். பையனுக்குத் தெம்பு வந்தது. ஆனால் அவனுக்குத் தெம்பு வந்து என்ன செய்ய? நான் கிருபையைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். கிருபை தன் வீட்டுக்காரருக்குக் கொடுத்தவள், எட்டு வருடமாகத் திடமாக இருக்கிறாள். கனகமணியம்மா மரியாதையாகக் காப்பி கொடுத்தாள், கிருபை சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஏம்மா, பொம்பளை குடுக்கது ஊர் உலகத்துல நடக்கதுதான். எம்மவன் ஹார்பர்ல மல்லுக்கட்டுதவன். ஆம்பளை ஒருத்தன் குடுத்துட்டு நிமிந்து நடக்கானா? இருந்தா என் கண்ணால காட்டு.”

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். ஏன், நாங்கள் என்ன குனிந்தா நடக்கிறோம்? கிட்னியைக் கொடுத்துவிட்டு மறுமாதமே குடத்தைத் தூக்கியவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? வாய் வரைக்கும் வந்துவிட்டது. கிருபை என் முழங்கையைப் பிடித்து அழுத்தியதால் தப்பித்தாள் அந்த அம்மா. ஆனால் வாசல் வரை வழியனுப்ப வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவன் வயித்துல இருக்கும்போதே இவங்கப்பா போயிட்டாவ. எனக்கு இவனை விட்டா யாரும்மா இருக்கா?” என்றாள். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அறைக்கு வந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா, அது மட்டும் முடியாது. இன்னைக்கு மில்லர்புரத்துல ஒரு வீட்டுல தெரிஞ்சா, நாளைக்கு எங்கம்மா காதுல விழுந்துரும். வயசான மனுஷி. தாங்க மாட்டாவ.”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் எப்படித் திட்டுவது? கிட்னியையே கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில், ஆளைக் கட்டாயப்படுத்தலாமா? “சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டேன். அப்புறம் அரை மணி நேரம் காப்பி தம்ளர்களைத் தேய்த்தேன். அதுகள் ஏற்கெனவே கழுவி வைத்தவை. ரம்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவ்வளவுதான், அப்புறம் யாரும் அவளைத் திருப்பிக் கூட்டி வர முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கூப்பிட்டார். “அக்கா, எத்தனை மணிக்கு வரணும்?”

“எங்கன?”

“அந்தப் பையன் வீட்டுக்குத்தான். பானு இருக்க விட மாட்டேங்கா. ‘அந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டிட்டு உக்காந்திருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? பொறவு இங்கன உக்காந்து தோசை தின்னுட்டு இருக்கீங்க’ன்னுட்டா. நாலு தோசையில ரெண்டை எடுத்துட்டுப் போயிட்டாக்கா.”

வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கடைக்காரருக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையத் தெரியாது. கனகமணியம்மா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பார்ப்பாளோ என்று எனக்கு பயம். சொல்லவில்லை, ஆனால் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள்.

“பாரம் தூக்குதீயளா தம்பி?”

“மொத ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் தூக்கலம்மா. இப்ப இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைக்கேன். முன்ன மாதிரி ஓடிட்டே தூக்க மாட்டேன், நின்னு நிதானமாத் தூக்குதேன்.”

“வலி?”

“இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மொத வாரம் இருமுனா உயிரே போச்சு. தலையணையை வயித்துல அமுக்கிப் பிடிச்சிட்டு இருமுவேன். வருசத்துக்கு ஒருக்கா ரத்தம், பிரஷர் எல்லாம் பாத்துக்கிடணும். கடைசி வரைக்கும் பாக்கணும்.”

‘கொடுங்க’ என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எனக்கு அவரை எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. செந்தில்வேல் சுவரோரமாக நின்றான். உள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது, ரம்யா அங்கேதான் இருந்தாள்.

கனகமணியம்மா முந்தானை நுனியைத் திருகினாள். பிறகு கேட்டாள்: “உங்கம்மா இருக்காவளா?”

“இருக்காவ.”

“நீங்க குடுக்கப் போறேன்னதும் அவிய என்ன சொன்னாவ?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? மேலே விட்டத்தைப் பார்த்தேன்.

“சொல்லலம்மா,” என்றார். “குடலிறக்கம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“இன்னைக்கு வரைக்குமா?”

“இன்னைக்கு வரைக்கும்.”

அவ்வளவுதான், கனகமணியம்மா எழுந்துவிட்டாள். “அட பாவி மனுஷா! பெத்தவகிட்ட சொல்லாமலா அறுத்துக் குடுத்தீய? நீங்க கண்ணு முழிக்கும்போது பக்கத்துல யாரு இருந்தா?”

“என் மச்சினன்.”

“மச்சினன்! அவன் என்ன செய்வான், போனை நோண்டிட்டு இருந்திருப்பான்!” என்றாள். அது உண்மைதான் போல, அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

காரியம் கெட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து நடக்கிற ஆணைக் கேட்டாள், பொய் சொல்கிற ஆணைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறோம். கனகமணியம்மா மூச்சு வாங்க மகன் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, நீயும் இப்படிச் செஞ்சிருக்கலாம்லா? ஏதோ டிரெய்னிங்குன்னு சொல்லிட்டு மதுரைக்குப் போயிருந்தா எனக்கு என்ன தெரியப் போவுது? எதுக்குலே என்கிட்ட வந்து கேட்டுட்டு நிக்க?”

செந்தில்வேல் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். “எனக்குப் பயமா இருக்கும்மா,” என்றான். “கண்ணு முழிக்கும்போது நீ நிக்கணும்.”

எப்போதும் ‘குடுக்கத் தயார்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. பயமாக இருக்கிறது என்று அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எங்களிடம்கூட. கனகமணியம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் கன்னத்தில் ஒரு இடி இடித்தாள், செல்லமாக இல்லை, நிஜமாகவே.

“நிக்காம எங்கல போவேன்?” என்றாள். உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏளா ரம்யா! அந்தப் பெட்டியைப் பிரி. அதுல மதுரைக்கு எடுத்துட்டுப் போவ வேண்டியதை வையி. எனக்கும் ரெண்டு சேலை வையி.”

ரம்யா வெளியே வந்து மாமியார் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த அம்மா அவளை அதட்டிக்கொண்டே முதுகைத் தடவிக் கொடுத்தாள். நானும் அழுதேன். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை, நன்றாக அழுதேன். அண்ணாச்சி மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் கனகமணியம்மா அவரை நிறுத்தினாள்.

“தம்பி, நேரா வீட்டுக்குப் போங்க. போயி உங்கம்மாகிட்டச் சொல்லுங்க. எம்மவன் பெத்தவகிட்ட மறைக்கல, நீங்க மறைச்சிருக்கீய.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் முறை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் பேசக் காத்திருந்தார். அண்ணாச்சி நம்பரை அடித்தேன். எடுத்தது ஒரு வயதான பெண் குரல்.

“யாரு?”

“முத்துக்கனி பேசுதேன். லிங்கராஜ் அண்ணாச்சி இருக்காவளா?”

“ஓ, நீதானா அது! அவன் பேச மாட்டான். படுத்துக் கிடக்கான்.”

எனக்குத் திக்கென்றது. “என்னாச்சு? உடம்புக்கு எதுவும் முடியலையா?”

“ஒடம்புக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கான். எல்லாத்தையும் சொல்லிட்டான். எம்பிள்ளை அங்க வயித்தைக் கீறிட்டுக் கிடந்திருக்கான், நான் இங்க டிவியில நாடகம் பாத்துட்டு இருந்திருக்கேன் தாயி.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். “அன்னைக்குப் பாக்க வேண்டிய பக்குவத்தை இப்பப் பாக்குதேன். உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊத்திக் குடுத்திருக்கேன். கடைக்குப் போவக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, போனும் பேசக் கூடாதுன்னுட்டேன்.”

பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் கேட்டது: “அக்கா, மூணு நாளா எந்திரிக்கவே விடலக்கா! நீங்களாவது சொல்லுங்க!” பானு சிரிப்பதும் கேட்டது.

“எத்தனை நாளைக்கும்மா பக்குவம்?” என்று கேட்டேன்.

“நாப்பது நாளு,” என்றாள் வடிவம்மாள். “ஒரு நாளு கொறையாது.”

“நல்லாப் பாருங்கம்மா,” என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவைகுண்டத்துக்காரரோடு நானே பேச உட்கார்ந்தேன்.