லிஃப்ட்காரரின் கருத்து

அந்த வாரப் பத்திரிகையின் புத்தகப் பக்கத்தில் வாசகர் கருத்துக்கு ஆறு இடம் உண்டு. ஒவ்வொன்றும் நான்கைந்து வரி. அடியில் பெயர் போடுவதில்லை, தொழில் மட்டும்தான்: தையல்காரர், பல் மருத்துவர், பஸ் நடத்துநர். யார் சொன்னார் என்பதைவிட எந்த வாழ்க்கையிலிருந்து சொன்னார் என்பதே முக்கியம் என்று பத்திரிகையைத் தொடங்கியவர் ஏற்படுத்திய வழக்கம் அது.

பக்கத்தைப் பார்த்துக்கொண்ட உதவி ஆசிரியைக்கு அந்த வழக்கம் வேறு விதத்தில் கைகொடுத்தது. சில வாரம் நான்கு கடிதம்தான் வரும். மீதி இரண்டை அவளே எழுதிவிடுவாள். பெயரே இல்லாத ஆளைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

மூன்று வருடத்துக்கு முன், கலங்கரை விளக்கங்களின் வரலாறு ஒன்று மேசைக்கு வந்தபோது, லிஃப்ட்காரர் அப்படித்தான் பிறந்தார். “எட்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவன் நான். ஆசிரியர் படிகளைச் சரியாக எண்ணியிருக்கிறார். ஏறியவனின் முழங்காலைப் பற்றி ஒரு வரி இல்லை. – ஓய்வுபெற்ற லிஃப்ட் இயக்குநர்.”

வாசகர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி எழுதினார்: “கொலைகாரன் யாரென்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. லிஃப்டுக்குள் கண்ணாடியைப் பார்க்காமல் நிற்பவனை நான் நம்புவதில்லை.” தேனீ வளர்ப்புக் கையேட்டைப் பற்றி: “தேனீ வளர்க்கும் எண்ணம் எனக்கில்லை. இருந்தும் இரண்டு முறை படித்தேன். கூட்டத்தைக் கையாளத் தெரிந்தவர் எழுதியது.” அவள் தன் பெயரில் எழுதிய மதிப்புரைகள் எதிலும் இந்தத் தெளிவு இருந்ததில்லை. அது அவளுக்கே தெரியும்.

கணவரை இழந்த ஒரு பெண் மருத்துவரின் நினைவுக் குறிப்புகள் வந்தபோது மட்டும் அவள் கொஞ்சம் அதிகம் போய்விட்டாள். “என் மனைவி போய்விட்டாள். இந்தப் புத்தகத்தில் சமையலறை வரும் பக்கங்கள் மட்டுமே உண்மை.” அனுதாபக் கடிதங்கள் ஒரு பை நிறைய வந்தன.

பிறகு புது ஆசிரியர் வந்தார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு கருத்துக்கும் வாசகர் அனுப்பிய மூலக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும், நாமே எழுதியது ஒன்று அகப்பட்டாலும் எழுதியவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் கணவர் இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகக் கட்டிலில் இருந்தார். வீடு அவள் சம்பளத்தில்தான் நின்றது.

லிஃப்ட்காரரைக் கௌரவமாக அனுப்பிவைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். சாகடிக்க மனம் வரவில்லை. பறவைகளின் வலசை பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுதினாள்: “கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. கண் போய்விட்டது. இதுவே என் கடைசிக் கருத்து.”

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. “மாமாவின் கண் விஷயமாக உங்களிடம் பேச வேண்டும். நேரில் வாருங்கள். – லிஃப்ட்காரரின் மருமகள்.” கீழே முகவரி.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் பக்க வடிவமைப்பாளர். அவரிடம் காட்டினாள்.

“எவனோ வம்புக்கு எழுதியிருக்கான்” என்றார் அவர்.

“வம்புக்கு எழுதுறவன் வீட்டு முகவரி கொடுப்பானா?”

“அப்ப போய்ப் பாருங்க. நீங்க பெத்த பிள்ளைதானே. எவ்வளவு வளர்ந்திருக்காருன்னு பார்த்துட்டு வாங்க.”

புதன்கிழமை மதிய இடைவேளையில் போனாள். கட்டடத்துக்கு எட்டு மாடி. அவள் எண்ணிப் பார்த்தாள். பித்தளைக் கைப்பிடி வைத்த பழைய லிஃப்டுக்குள் ஒரு முக்காலி காலியாகக் கிடந்தது. லிஃப்ட் குழிக்குப் பின்னால், தரைத்தளத்தில் இரண்டு அறை. லிஃப்ட் நகரும்போதெல்லாம் பொதுச் சுவர் உறுமியது, அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. மருமகள் பிறர் வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், லிஃப்ட்காரரின் கருத்துகள் அத்தனையும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன.

பெரியவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார். பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று.

“வாங்க மேடம். முப்பத்தொரு வருஷம்னு சரியாப் போட்டீங்க. ஆபீஸ்காரனே முப்பதுன்னுதான் கணக்கு எழுதினான்.”

“ஐயா, நான் உங்களை நினைச்சு எழுதல. சத்தியமா உங்களைத் தெரியாது.”

“எனக்கும்தான் உங்களைத் தெரியாது. ‘நான் எழுதலப்பா’ன்னு ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரு கேக்கறாங்க? பெரிய எழுத்தாளர் அடக்கமாப் பேசறாருன்னுட்டாங்க.” சிரித்தார். “அப்புறம் பார்த்தா, நீங்க போடற புத்தகமெல்லாம் நான் படிச்ச மாதிரியே இருந்துச்சு. அந்தத் தேனீ புத்தகத்துல நாப்பதாம் பக்கத்துப் படம் தலைகீழா இருக்கும். இல்லையா?”

இருந்தது. கருத்தில் அவள் அதைக் குறிப்பிடவில்லை.

மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அத்தை விஷயம் வந்த ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் இங்கதான் உக்காந்திருந்தோம். அத்தையே சத்தம் போட்டுப் படிச்சாங்க. ‘பாருங்கடி, உங்க மாமா என்னை அனுப்பிட்டாரு’ன்னு ஒரே சிரிப்பு. வியாழக்கிழமை சமையலறையில விழுந்தவங்கதான்.”

தம்ளர்கள் அதிர்ந்தன. லிஃப்ட் மேலே போனது.

“கண்ணு?” என்று கேட்டாள் உதவி ஆசிரியை.

“அன்னிக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன். ‘கண் போய்விட்டது’ன்னு சொல்லி வாயை மூடல. ‘லைட்டை ஏம்மா அணைச்சே’ன்னு கேட்டாரு. காலையில ஒன்பது மணி மேடம். டாக்டர் பார்த்துட்டு, கண்ணுல ஒரு குறையும் இல்லைங்கறாரு.”

பெரியவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். “ஒரே ஒரு வரி எழுதுங்க மேடம். கண்ணு திரும்பிடுச்சுன்னு.”

“எழுதினா என் வேலை போயிடும் ஐயா.”

“தெரியும். வேலைன்னா என்னன்னு எனக்கும் தெரியும். கேக்கறதைக் கேட்டுட்டேன்.”

எழுந்திருக்கும்போது அவள் தயங்கினாள். “உங்க வீட்டம்மாவைப் பத்தியும் ஏதாவது எழுதிப் பார்க்கட்டுமா?”

பெரியவரின் கை சட்டென்று உயர்ந்தது. “வேண்டாம். நாலு மாசம் ஆச்சு. இப்ப வந்தா எப்படி வருவாளோ.”

வெள்ளிக்கிழமை மாலை பக்கம் முடிகிற நேரத்தில், ஒரு பல் மருத்துவரின் கருத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு வேறொன்றைக் கொடுத்தாள். பழைய கடல் வரைபடங்களின் தொகுப்பைப் பற்றியது: “கண் திரும்பிவிட்டது. கரை எங்கே முடிகிறதென்று இப்போது தெரிகிறது. இனி எதையும் விடாமல் படிப்பேன்.”

வடிவமைப்பாளர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “இதோட கடிதம் எங்கே?”

“இல்லை.”

“திங்கக்கிழமை கோப்பைத் திறப்பாரு. வீட்டுல அவரு கட்டில்ல கிடக்கறது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. போடுங்க.”

போட்டார்.

திங்கட்கிழமை அவள் வந்து உட்காரும்போதே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆசிரியர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை முன்னாலிருந்து, ஒருமுறை பின்னாலிருந்து. அவள் இழுப்பறையைத் திறந்து தன் கண்ணாடிக் கூடு, தைலக் குப்பி, கணவரின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். தொலைபேசி அடித்தது.

“மேடம், மாமாவுக்குக் கண்ணு தெரியுது.” மருமகளின் குரலில் மகிழ்ச்சி இல்லை.

“நல்ல சேதிதானே?”

“நேத்துக் காலையிலேர்ந்து படிச்சுக்கிட்டே இருக்காரு. சாப்பிடல. தண்ணிகூடக் குடிக்கல.”

“என்ன படிக்கறாரு?”

“கையில ஒண்ணுமில்ல மேடம். ஒண்ணும் ஒட்டாத வெறும் சுவத்தைப் பார்த்துப் படிக்கறாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரப்போற பக்கமாம். அஞ்சு கருத்து முடிஞ்சுது. ஆறாவதுக்கு அடியில ‘முன்னாள் உதவி ஆசிரியை’ன்னு போட்டிருக்காம்.”

கண்ணாடிக் கதவு திறந்தது. ஆசிரியர் கோப்போடு நின்று, உள்ளே வரும்படி விரலால் கூப்பிட்டார். அவள் ஒரு கையால் ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

“அதுல என் வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது இருக்கா?”

“இன்னும் அந்த இடம் வரல மேடம்.”

“படிக்க வேண்டாம்னு சொல்லுங்க. கேக்குதா? இப்பவே நிறுத்தச் சொல்லுங்க.”

மருமகள் வாயை அப்பால் திருப்பிச் சொல்வது கேட்டது. “மாமா, நிறுத்தணுமாம்.”

தம்ளர்கள் தட்டிக்கொள்ளும் ஓசை. அதற்குப் பின்னாலிருந்து பெரியவரின் குரல், களைத்துப்போய், ஆனால் தெளிவாக வந்தது.

“எப்படிம்மா நிறுத்தறது? எதையும் விடாமல் படிப்பேன்னு எழுதிட்டாங்களே.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.